தோன்றா எழுவாய்

மோட்டார் சைக்கிள் நிறுவனம் ஒன்று, தான் விற்ற வண்டிகளில் குறை இருப்பதைக் கண்டு, அவற்றைச் சரிசெய்து தருவதற்காக உரிமையாளர்களை வரச்சொல்வதை ஆங்கிலத்தில் ‘ரீகால்’ என்கிறார்கள். நம் நாளிதழ்கள் இதனைத் ‘திரும்பப் பெறுதல்’ என்று எழுதிவருகின்றன. 2021 மே மாதத்தில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2,36,966 வண்டிகளுக்கு இத்தகைய அறிவிப்பை வெளியிட்டபோதும் இதே சொல்தான் பயன்பட்டது. இக்னிஷன் காயிலில் குறை. வண்டி திக்கித்திணறி ஓடலாம், இழுவை குறையலாம், அரிதாக மின்கசிவும் நேரலாம் என்பது செய்தி. கிளாசிக், புல்லட், மீட்டியார் ஆகிய மூன்று வகைகளில், 2020 டிசம்பருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையே உற்பத்தியானவை அவை. அவற்றுள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவானவற்றுக்கே உதிரிப்பாகம் மாற்ற நேரும் என்று நிறுவனமே மதிப்பிட்டிருந்தது. ஆக, யாரும் எதையும் திரும்பப் பெறவில்லை. வண்டியைக் கொண்டுபோய் விட்டால் சோதித்து, தேவையானால் ஒரு பாகத்தை மாற்றித் தருவார்கள், அவ்வளவே. ஆனால் ‘திரும்பப் பெறுகிறது’ என்ற தலைப்பைப் படிக்கும் ஒருவர், வண்டியை ஒப்படைத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் போலும் என்றோ, வண்டியைப் பறித்துக்கொள்வார்கள் போலும் என்றோ எண்ணுவதில் வியப்பில்லை. முதல்வகையினர் ஏமாந்து திரும்புகிறார்கள். இரண்டாம் வகையினர் பணிமனைப் பக்கமே போவதில்லை.

‘மீளழைப்பு’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. அழைக்கிறார்கள், நாம் போகிறோம், வண்டியோடு திரும்பி வருகிறோம். இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆள்கிறேன். ஆயினும் சொல்லாக்கம் பற்றி எழுதுவது என் நோக்கமன்று. அறிவிப்புகளின் மொழியைப் பற்றியே சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு கவிதையைத் தவறாகப் படித்தால் யாருக்கும் உயிர் போவதில்லை. மீளழைப்பு அறிவிப்பைப் படிக்காமல் விட்டாலோ, படித்தும் பொருள் விளங்காமல் விட்டாலோ போகக்கூடும். அப்படிப்பட்ட ஒரு பனுவலை இலக்கியம் பயின்றவர்கள் எவரும் உற்று நோக்குவதில்லை. பொறியாளர்களின் வேலை என்று விட்டுவிடுகிறோம். பொறியாளர்களோ அதனை எழுதுவதேயில்லை. வழக்கறிஞர்களும் விளம்பரத் துறையினரும் எழுதுகிறார்கள்.

தகுதி வழக்கு மூவகைப்படும் என்கிறது நன்னூல்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது முதலாவது. அமங்கலமானதை மங்கலமாகச் சொல்வது இரண்டாவது. செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொள்ளும் குறிப்புமொழி மூன்றாவது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது போல. முதலாண்டு மாணவர்களுக்கு இதனை நடத்தும்போது எடுத்துக்காட்டுகள் பழையனவாக இருக்கின்றனவே என்று குறைபட்டுக்கொள்வதுண்டு. இப்போது அந்தக் குறை இல்லை. மூன்றும் ஒருங்கே அமைந்த பனுவல் வேண்டுமானால் ஒரு மீளழைப்பு அறிவிப்பை எடுத்துக்கொண்டால் போதும். ‘குறை’ என்று சொல்லமாட்டார்கள். ‘ஒரு நிலை கண்டறியப்பட்டுள்ளது’ என்பார்கள். இது இடக்கரடக்கல். ‘பிரேக் பிடிக்காமல் போகலாம்’ என்பதற்குப் ‘பிரேக்கின் செயல்திறன் பாதிக்கப்படலாம்’ என்பார்கள். இது மங்கலம். ‘சர்வீஸ் கேம்பெய்ன்’ என்பார்கள். இது குழூஉக்குறி, பணிமனைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதன் பொருள் தெரியவேண்டியதில்லை என்பதே அதன் பயன்.

இது என் கற்பனை என்று யாரேனும் நினைக்கக்கூடும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்களில் இக்னிஷன் சாவி ஓடும்போதே தானாக அணைந்துவிடும் குறை இருந்தது. அணைந்தால் காற்றுப்பையும் விரியாது. பின்னர் அமைக்கப்பட்ட இழப்பீட்டு நிதியம் 124 இறப்புகளை அதன் கணக்கில் ஏற்றுக்கொண்டது. குறையை உரிய காலத்தில் தெரிவிக்காததற்காக 2014 மே மாதத்தில் அந்நிறுவனம் 3.5 கோடி டாலர் தண்டம் கட்டியது. அப்போது வெளியான ஆவணங்களுள் ஒன்று, 2008-இல் அந்நிறுவனத்தின் ஊழியர்களுக்கு நடத்தப்பட்ட பயிற்சியின் குறிப்பு. எழுதும்போது தவிர்க்கவேண்டிய 69 சொற்கள் அதில் பட்டியலிடப்பட்டிருந்தன. மரணப்பொறி, உருளும் கல்லறைப்பெட்டி, டைட்டானிக் முதலியன அப்பட்டியலில் இருந்தன என்பதைச் சிரித்துக்கொண்டே படித்துவிடலாம். ஆனால் ‘பாதுகாப்பு’, ‘குறை’ என்ற இரு சொற்களும் அதே பட்டியலில் இருந்தன. குறை என்று எழுதாதே, ‘வடிவமைப்பின்படி இயங்கவில்லை’ என்று எழுது. சிக்கல் என்று எழுதாதே, ‘நிலை’ என்றோ ‘விஷயம்’ என்றோ எழுது என்று மாற்றுச்சொற்களும் தரப்பட்டிருந்தன. ஒரு நிகண்டையே தலைகீழாக எழுதியிருக்கிறார்கள்! நிகண்டு ஒரு பொருளுக்குப் பல சொற்களைத் தரும். இது ஒரு பொருளுக்கு ஒரு சொல்லும் இல்லாமல் செய்வதற்கான நூல். ஒரு குறைக்குப் பெயரே இல்லையென்றால் அதனைப் பற்றி ஓர் அலுவலர் இன்னொருவருக்கு எப்படிக் கடிதம் எழுதுவார்?

என் மோட்டார் சைக்கிளுக்கு வந்த அறிவிப்பு கைப்பேசியில் குறுஞ்செய்தியாக வந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஒருவரைச் சொல்லி மற்றவர்களை நல்லவர்களாக்க எனக்கு விருப்பமில்லை. ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. வாடிக்கையாளரின் மனநிறைவே தங்கள் குறிக்கோள் என்று தொடங்கியது. முன்னெச்சரிக்கையாக ஒரு பாகம் சோதிக்கப்பட இருப்பதாகவும், வசதிப்படும்போது அருகிலுள்ள பணிமனையை அணுகுமாறும் சொல்லி முடித்தது. எந்தப் பாகம்? சொல்லப்படவில்லை. என்ன நேரக்கூடும்? சொல்லப்படவில்லை. அதுவரை ஓட்டலாமா, கூடாதா? அதுவும் இல்லை. முந்தைய நாள் வந்திருந்த இன்ஜின் ஆயில் தள்ளுபடிச் செய்திக்கும் இதற்கும் தோற்றத்தில் யாதொரு வேறுபாடும் இல்லை. இரண்டும் ஒரே எண்ணிலிருந்து வந்திருந்தன.

அந்தச் செய்தியின் வாக்கியங்களை இலக்கணப்படி பிரித்துப் பார்த்தேன். தொழில் பழக்கம் விடுவதில்லை. எல்லாம் செயப்பாட்டுவினை. கண்டறியப்பட்டுள்ளது, சோதிக்கப்படும், மாற்றித் தரப்படும். கண்டறிந்தவர் யார், குறையை உண்டாக்கியவர் யார் என்று வினைமுற்றிலிருந்து தெரியாது. தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. ‘வந்தான்’ என்றால் அவன் என்பது வெளிப்படாவிட்டாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். இங்கே விகுதியும் காட்டிக்கொடுக்காதபடி எழுவாயை விரட்டியிருக்கிறார்கள். இதற்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை.

பணிமனையில் முன்மேசையில் இருந்த இளைஞர் மரியாதையானவர். என்ன குறை என்று கேட்டேன். “பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல சார். ஒரு சின்ன அப்டேட்தான்” என்றார். இரும்பில் என்ன அப்டேட் என்று கேட்டதற்குச் சிரித்தார். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொன்னேன். அதனைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பவேண்டும் சார், எண்ணி வாங்கிக்கொள்வார்கள் என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். ஜாப் கார்டில் ஒரு குறியீட்டு எண்ணும் ‘கேம்பெய்ன்’ என்ற சொல்லும் இருந்தன. கட்டணம் பூச்சியம். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. வேலையில் எனக்குக் குறை சொல்ல ஏதுமில்லை. பின்பிரேக்கைத் தாங்கும் ஒரு பிடிமானம் மாற்றப்பட்டது என்பதை, வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த பையனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அவன் மட்டும்தான் அங்கே பெயர்ச்சொற்களைப் பயன்படுத்தினான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். நம் நாட்டில் நெடுங்காலம் இதற்கெனச் சட்டமே இல்லை. 2012 ஜூலையில் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் தானாக ஒரு நெறிமுறையை வகுத்துக்கொண்டது. விருப்பமிருந்தால் பின்பற்றலாம் என்ற வகையைச் சேர்ந்தது அது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஓட்டுபவருக்கோ, உடன் செல்பவருக்கோ, சாலையில் செல்லும் பிறருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு விளைக்கக்கூடிய குறை இருந்தால், அந்த வகை வண்டிகள் முழுவதையும் மீளழைக்குமாறு மத்திய அரசு ஆணையிடலாம். உற்பத்தியாளர் குறையை நீக்கித் தரவேண்டும், அல்லது வேறு வண்டி தரவேண்டும், அல்லது முழு விலையையும் திருப்பித் தரவேண்டும் என்று மூன்று வழிகளையும் அப்பிரிவு சொல்கிறது. ஆக, ‘திரும்பப் பெறுதல்’ சட்டப்புத்தகத்தில் உண்மையாகவே இருக்கிறது. நடைமுறையில் நாம் காண்பதெல்லாம் முதல்வழி மட்டுமே. அரசு ஆணையிட்டு மீளழைக்க நேர்ந்தால் வண்டிகளின் எண்ணிக்கைக்கேற்பப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம். ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இது பொருந்தும்.

உற்பத்தியாளர் தாமே குறையைக் கண்டு அரசுக்குத் தெரிவித்து மீளழைப்பைத் தொடங்கினால் தண்டம் கிடையாது. இது நல்ல ஏற்பாடு என்றே கருதுகிறேன். தண்டத்துக்கு அஞ்சி மறைப்பதைக் காட்டிலும் தண்டமின்றிச் சொல்லிவிடுவது மேல். ஆனால் இதனால் ஒன்று நேர்கிறது. ஏறத்தாழ எல்லா மீளழைப்புகளும் ‘தாமாக முன்வந்து’ என்ற அடைமொழியுடன் வருகின்றன. முன்வந்து செய்வது கொடை போல ஒலிக்கிறது. வண்டிக்காரர் நன்றி சொல்லிவிட்டு வரவேண்டும் போலிருக்கிறது. கொடுத்த பொருளில் குறை இருந்தால் அதனைச் சரிசெய்வது கடன், கொடையன்று.

சொல்லை மாற்றுவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் 2022-ஐ நினைவுகூரவேண்டும். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் வேலூரில், இரவில் வீட்டுக்குள் மின்னேற்றத்தில் விடப்பட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் பள்ளி செல்லும் மகளும் இறந்தார்கள். நாட்டின் வேறு சில ஊர்களிலும் அதே வாரங்களில் மின் ஸ்கூட்டர்கள் எரிந்தன. ஏப்ரலில் ஒகினாவா 3,215 வண்டிகளையும், பியூர் இவி 2,000 வண்டிகளையும், ஓலா 1,441 வண்டிகளையும் சோதனைக்கு மீளழைத்தன. குறையுள்ள தொகுதிகளை நிறுவனங்கள் உடனே மீளழைக்கவேண்டும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே அம்மாதம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். இந்த அறிவிப்புகள் ஒவ்வொரு வண்டிக்காரரின் காதிலும் ஒரே ஒரு வாக்கியமாக விழுந்திருக்கவேண்டும்: சோதித்து முடியும்வரை வீட்டுக்குள் வைத்து மின்னேற்றாதீர்கள். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் தீ அபாயமுள்ள மீளழைப்புகளுக்கு ‘வெளியே நிறுத்துங்கள்’ என்றும், அதனினும் கொடியவற்றுக்கு ‘ஓட்டாதீர்கள்’ என்றும் தலைப்பிட்டே எச்சரிக்கை வெளியிடுகிறது. இரண்டும் ஏவல் வினைமுற்றுகள். ஏவல் வேண்டிய இடத்தில் ‘வசதிப்படும்போது அணுகவும்’ என்று எழுதுவது பணிவாகாது.

அடுத்த ஆண்டு இன்னொன்று நடந்தது. ஓலா ஸ்கூட்டர்கள் சிலவற்றில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்துபோன படங்கள் பரவின. 2023 மார்ச்சில் அந்நிறுவனம் புதிய வடிவமைப்பிலான ஃபோர்க்கைக் கட்டணமின்றி மாற்றித் தருவதாக அறிவித்தது. இதனை மீளழைப்பு என்று செய்தித்தாள்கள் எழுதவே, இது மீளழைப்பு அன்று, விரும்புவோர்க்கான மேம்படுத்தல் வாய்ப்பு என்று விளக்கமும் தந்தது. பழைய ஃபோர்க் தரமானதுதான் என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. அதில் உண்மை எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல நான் பொறியாளன் அல்லேன். ஆனால் மொழியின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாம். மேம்படுத்தல் என்றால் விருப்பமுள்ளவர் போவார். மீளழைப்பு என்றால் எல்லாரும் போகவேண்டும். ஆடம்பரத்துக்குரிய சொல்லைக் கேட்டு எத்தனை பேர் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்திருப்பார்கள்?

நிறுவனங்கள் இப்படி எழுதுவதற்கு நாமும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. மீளழைப்பு என்ற சொல் கேட்டதும் அந்த நிறுவனத்தை ஏளனம் செய்கிறோம். டீக்கடையில் ‘உன் வண்டியும் அந்த ரீகால் வண்டிதானா’ என்று கேட்டு ஒருவனைக் கூனிக்குறுக வைக்கிறோம். விற்கப்போனால் விலையைக் குறைக்கிறோம். 2024 பிப்ரவரியில் யமஹா தன் 125 சிசி ஸ்கூட்டர்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் வண்டிகளை, பிரேக் லீவரில் கண்ட குறைக்காக மீளழைத்தது. இரண்டாண்டு உற்பத்தியில் ஒரு குறையைக் கண்டுபிடித்து, மூன்று லட்சம் பேரையும் கூப்பிட்டுச் சரிசெய்ய முற்பட்ட நிறுவனத்தை மதிக்கவேண்டுமேயொழிய இகழக்கூடாது. ஒரு முறைகூட மீளழைக்காத நிறுவனம் குறையற்ற வண்டி செய்கிறது என்று பொருளில்லை. பலகாலும் அதற்கு வேறு பொருள் உண்டு. பிழைதிருத்தப் பட்டியல் ஒட்டிய பழைய பதிப்புகளை நாம் நம்பிக்கையோடு எடுப்பதில்லையா? பதிப்பாசிரியர் அச்சான பின்னும் படித்துப் பார்த்திருக்கிறார் என்பதல்லவா அதன் பொருள்?

இனி, யாரிடம் சொல்கிறார்கள் என்பது. என் மாணவன் ஒருவன், வகுப்புக்கு இருபது கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருபவன், ஆட்டோ கன்சல்டிங்கில் வாங்கிய வண்டி வைத்திருக்கிறான். என் வண்டியின் அதே வகை, அதே ஆண்டு. செய்தி வந்ததா என்று கேட்டேன். “எனக்கு எப்படி ஐயா வரும்? ஆர்.சி. இன்னும் மொத ஆள் பேர்லதான் இருக்கு” என்றான். அந்த முதல் ஆள் யார், எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியாது. விற்றவர் பதினான்கு நாட்களுக்குள்ளும் வாங்கியவர் முப்பது நாட்களுக்குள்ளும் தெரிவிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது; கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு வண்டி மூன்று கை மாறுவது என்பது ஊர் வழக்கம். குறுஞ்செய்தி முதல் ஆளின் கைப்பேசிக்குப் போயிருக்கும். விற்றுவிட்ட வண்டிக்கு வந்த செய்தி, அவர் அழித்திருப்பார்.

கல்லூரி வண்டி நிறுத்துமிடத்திலேயே பார்த்தோம். ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்கழுத்துக் குழாயில் சேசிஸ் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பதினேழு எழுத்தும் எண்களும் கொண்டது. மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அப்பியிருந்ததைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுத்தான். ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்றும் அந்த எண்ணில் வாரா. ஒன்று, பூச்சியம் ஆகியவற்றோடு மயங்கும் என்பதற்காக விலக்கியிருக்கிறார்கள். (எழுத்து மயக்கத்தை இரும்பில் பொறிப்பவர்கள் தவிர்த்திருக்கிறார்கள், செய்தி எழுதுபவர்களுக்கு அந்தக் கவனம் வரவில்லை.) நிறுவனத்தின் இணையப்பக்கத்தில் அந்த எண்ணை இட்டதும் வண்டி மீளழைப்புக்கு உட்பட்டது என்று வந்தது. மறுநாள் பணிமனையில் பெயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மீளழைப்பு வண்டிக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. இதனை அவனுக்கு அதுவரை எவரும் சொல்லியிருக்கவில்லை. பழைய வண்டி வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எண்ணிப்பார்க்கிறேன். உங்கள் வண்டி இரண்டாம் கையாக வாங்கியதாக இருந்தால், இக்கட்டுரையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சேசிஸ் எண்ணைப் பார்த்துவிட்டு வந்தாலும் எனக்கு வருத்தமில்லை. வேலை முடிந்ததும் ஜாப் கார்டின் படியை வாங்கி ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள், விற்கும்போது அதுவே உங்கள் சான்று.

அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மீளழைப்புக் கடிதத்தின் வாசகமே விதிகளால் வரையறுக்கப்பட்டிருக்கிறது. முக்கியமான பாதுகாப்பு மீளழைப்பு என்று தலைப்பு இருக்கவேண்டும். இன்ன வகை வண்டியில் பாதுகாப்பு தொடர்பான குறை உள்ளதெனத் தீர்மானித்திருக்கிறோம் என்று உற்பத்தியாளர் தம் பெயரிலேயே சொல்லவேண்டும். என்ன நேரக்கூடும், நேர்வதற்கு முன் ஏதேனும் அறிகுறி தெரியுமா என்பதையும் எழுதவேண்டும். குறை இல்லை என்று தொனிக்கும்படி எதையும் எழுதக்கூடாது. எழுவாயை மறைக்க இடமில்லை. அங்கும் நிறுவனங்கள் சொல்விளையாட்டு ஆடின என்பதற்கு மேலே சொன்ன 69 சொற்களே சான்று. ஆனால் உரிமையாளர் கையில் கிடைக்கும் அந்த ஒரு தாளில் ஆடமுடியாது. ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே போய், கடுமையான குறையைச் சரிசெய்யாத வண்டியைச் சாலையில் ஓட்டக்கூடாதென்றே தடைசெய்ய இடமுண்டு. நம் சூழலுக்கு அது இப்போது ஒத்துவராது. பெயர் மாற்றாத வண்டி வைத்திருக்கும் ஏழை மாணவனைத்தான் அது முதலில் பிடிக்கும்.

நமக்கு வேண்டியது எளியது. மீளழைப்பு அறிவிப்பின் வாசகத்தை அரசு வகுத்துக் கொடுக்கவேண்டும். வண்டி பதிவான மாநிலத்தின் மொழியில் அது இருக்கவேண்டும். குறுஞ்செய்தியோடு நில்லாமல் மெக்கானிக் கடைகளுக்கும், புகைச்சோதனை நிலையங்களுக்கும், பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்குகளுக்கும் தாளாகப் போய்ச் சுவரில் ஒட்டப்படவேண்டும். பழைய வண்டிக்காரர்கள் நிறுவனப் பணிமனைக்குப் போவதில்லை, கூலி கட்டுப்படியாகாது. தெருமுனை மெக்கானிக்கிடம்தான் போகிறார்கள். ஒரே வகை வண்டியில் ஒரே இடம் திரும்பத் திரும்ப முறிவதை முதலில் பார்ப்பவரும் அவரே. அவரைக் கேட்பாருமில்லை, அவருக்குச் சொல்வாருமில்லை.

இயற்பியல் துறை நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னபோது மறுத்தார். எல்லா அறிவிப்பிலும் ‘உயிர்போகும்’ என்று எழுதினால் மக்கள் சிகரெட் அட்டையைப் பார்ப்பதுபோல் பார்க்கப் பழகிவிடுவார்கள். விளக்கு எரியாத குறைக்கும் சக்கரம் கழலும் குறைக்கும் ஒரே குரல் கூடாது என்றார். சரியான மறுப்பு. அச்சமூட்டும் மொழியை நான் கேட்கவில்லை; அளவான மொழியையே கேட்கிறேன். சிறு குறையைச் சிறிது என்றே சொல்லட்டும். எது பெரிது, எது சிறிது என்று தெரிவதற்காவது பாகத்தின் பெயரையும் நேரக்கூடியதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்?

மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுக்கும் நோக்கில் மாதிரி ஒன்றை எழுதிப் பார்த்தேன். குறுஞ்செய்திக்கு நீளமாகத்தான் இருக்கிறது, சுவரொட்டிக்குப் போதும்.

“நாங்கள் செய்து விற்ற இந்த வகை மோட்டார் சைக்கிளில் பின்பிரேக்கைத் தாங்கும் பிடிமானம் பலமில்லாமல் அமைந்துவிட்டது. பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது அது உடையலாம். உடைந்தால் பின்பிரேக் சரியாகப் பிடிக்காது. பின்சக்கரத்தில் வழக்கமில்லாத ஓசை கேட்டால் உடனே வண்டியை நிறுத்துங்கள், அதற்குமேல் ஓட்டாதீர்கள். ஓசை இல்லாவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் எங்கள் பணிமனை எதற்காவது கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரத்தில் மாற்றித் தருகிறோம். காசு வேண்டாம். வண்டி யார் பெயரில் இருந்தாலும் செய்து தருவோம். இந்த வண்டியை விற்றுவிட்டீர்களானால் வாங்கியவருக்குச் சொல்லுங்கள்.”

வகுப்பில் படித்துக் காட்டினேன். ‘பலமில்லாமல் அமைந்துவிட்டது’ என்பதில் எழுவாய் மறுபடியும் நழுவுகிறதே ஐயா, ‘நாங்கள் பலமில்லாமல் அமைத்துவிட்டோம்’ என்றல்லவா இருக்கவேண்டும் என்றாள் கடைசி வரிசை மாணவி ஒருத்தி. அப்படியே திருத்திக்கொண்டோம்.